எந்த மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னது

லிஃப்ட் எங்கள் மாடிக்கு ஏறுவதற்குள் அவர் என் மனைவியின் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டார்.

கனடாவில், பார்க்டேலில் அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் குடிவந்த நாள் அது. என் கையில் சாமிப்படம். மனைவியின் கையில் அரிசியும் உப்பும். பிள்ளைகள் மூன்றும் லிஃப்டில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் அமத்திவிட்டு நல்ல பிள்ளைகள் போல நின்றார்கள். மூலையில் நின்ற மெலிந்த மனிதர் எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கவில்லை, எப்போது வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. "அக்காவுக்கு என்ன நட்சத்திரம்?" என்றார்.

மனைவி திடுக்கிட்டுப் பூரம் என்று சொல்லிவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தார். நான் அனுசம் என்றேன். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போக, அவர் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். கதவு திறந்தபோது முகம் வாடிப்போயிருந்தது.

"அண்ணை, உங்களுக்கு ரச்சு இல்லை. ஆர் உங்களுக்குப் பொருத்தம் பார்த்தது?"

ரச்சு என்பது பத்துப் பொருத்தத்தில் ஆயுசுக்குரிய பொருத்தம். இரண்டு பேரின் நட்சத்திரமும் ஒரே ரச்சில் விழுந்தால் பொருத்தம் இல்லை, இரண்டு பேரில் ஒருவருக்குக் கூடாது என்பார்கள். மனைவி அரிசியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "பார்த்த மனிசன் செத்துப்போச்சு," என்றாள்.

"அதுதானே," என்று சொல்லிக்கொண்டு எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சாத்திரியார். வேலை என்னவோ மிசிசாகாவில், விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குகிற இடத்தில். ஆனால் கட்டடத்துத் தமிழ்ச்சனம் பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றாலும் கார் வாங்குவதென்றாலும் அவருடைய கதவைத்தான் தட்டும். தட்டாவிட்டாலும் அவர் விடமாட்டார். ஒரு மனிதர் பிறந்த நேரம் தெரியாமல் அவரோடு பழக அவரால் முடியாது. பஸ் ஓட்டுகிறவரைக் கேட்பார். ஊசி போட வந்த டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான் சட்டைக் கையை மடிப்பார். வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு தெரியாது என்பார்கள், தாய்க்குத்தான் தெரியும் என்பார்கள்.

"அப்ப கேளுங்கோ," என்பார். "இப்பவே கேளுங்கோ. அவ வீட்டிலதானே?"

கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போர்த்துக்கீசர் இந்தக் கரைச்சல் தாங்காமல் ஒருநாள் ஊரில் இருந்த தாய்க்குக் கோல் எடுத்தார். நேரம் கேட்கப் போன மனிதர் வெகுநேரம் கதைத்துவிட்டு மூக்கைச் சீறிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு சாத்திரியார் வீட்டு ஹீற்றர் ஒரு மாரியிலும் பழுதாகவில்லை.

அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு பெரிய வட்ட மணிக்கூடு இருந்தது. கனடாவில் வசந்த காலத்தில் எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவது வழக்கம் அல்லவா. சாத்திரியார் தள்ளமாட்டார். அரசாங்கம் தள்ளினால் கிரகம் தள்ளுமா என்று கேட்பார். ராகுகாலம் அந்த மணிக்கூட்டில்தான் ஒழுங்காக நிற்குதாம். வேலைக்கு வேறு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போவார். வீட்டில் மட்டும் கோடை முழுக்க அவர் உலகத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்னால் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லுவார். நாங்கள் நேரத்துக்குப் போனால் தலையில் எண்ணெயும் இடுப்பில் துவாயுமாகக் கதவைத் திறந்து, "என்ன இவ்வளவு வெள்ளன?" என்று எங்களையே கேட்பார். பின்னால் பீற்றர் நின்று தோளை உயர்த்துவார்.

பீற்றரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்திரியாரோடு அந்த வீட்டில் இருந்தவர். நிலைக்கதவில் தலை முட்டுகிற உயரம், வெண்ணெய் நிறத் தலைமயிர், ஐம்பது வயதிருக்கும். ஒல்லாந்தில் பிறந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு கனடாவுக்கு வந்தவர். இரண்டு பேரும் தங்களுக்குள் கதைத்தது இங்கிலிஷும் இல்லை, தமிழும் இல்லை. தாய்லாந்துப் பாஷை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சண்டை பிடிப்பது எங்களுக்குக் கேட்கும், ஆனால் சண்டைதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் பாஷையில் மரியாதைக்காக ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் "கப்" என்று சொல்ல வேண்டுமாம். கோப்பை உடைகிற சத்தம் கேட்கும், கூடவே "கப்" கேட்கும். பதிலுக்குச் சட்டி விழும், அதற்கும் ஒரு "கப்." இவ்வளவு மரியாதையாகச் சண்டை பிடித்த ஆட்களை நான் வேறு எங்கும் காணவில்லை. என் மனைவி எனக்கும் ஒரு "கப்" பழக்கலாமோ என்று கேட்டாள்.

அந்தப் பாஷை வந்த கதையை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார். கனடா என்று சொல்லிக் கூட்டிவந்த ஏஜென்ட் பாங்கொக்கில் அவரை விட்டுவிட்டு மறைந்துபோனான். கையில் பாஸ்போட் இல்லை. இருந்தது காற்சட்டைக்குள் தாய் தைத்துவிட்ட சாதகமும் ஒரு பஞ்சாங்கமும்தான். ஒரு ஒழுங்கைக்குள் வெளிநாட்டுக்காரர் சிலர் சேர்ந்து எடுத்திருந்த பழைய மரவீட்டில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. கப்பலில் இயந்திரம் பார்த்து ஓய்ந்த ஜேர்மன்காரர் ஒருவர். மாட்டு வைத்தியரான ஒஸ்ரேலியாக்காரர் ஒருவர். ஓர் அமெரிக்கர். இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டிருந்த பீற்றர். எல்லோரும் ஆண்களோடு சீவிக்கிற ஆண்கள். சிலருக்குத் தாய்லாந்துத் துணை இருந்தது, சிலர் தனிக்கட்டை. ஊரில் இருக்கவிடாமல் வந்தவர்களும் உண்டு, சும்மா வெயிலுக்கு வந்தவர்களும் உண்டு.

ஞாயிறு மத்தியானத்தில் நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் அப்படியான வெளிநாட்டுக்காரர் அங்கே கூடிச் சாப்பிடுவார்களாம். ஆளுக்கொரு ஊர்ச்சாப்பாடு கொண்டுவர வேண்டும், மற்றவருடையதைக் குறை சொல்லக்கூடாது என்பது சட்டம். ஜேர்மன்காரரின் உருளைக்கிழங்குச் சலாட்டைக் குறை சொல்ல முடியாதபடியால் சாத்திரியார் அவர் பார்க்காத நேரத்தில் அதற்குள் மிளகாய்த்தூள் போட்டுவிடுவார். ஜேர்மன்காரருக்குத் தன் சலாட்டுக்கு ஏன் இவ்வளவு பேர் கிடைத்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது.

அங்கேயும் இவர் வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரத் தாய்லாந்து மனுசிக்கு இவரைப் பிடித்துப்போனது, அங்கத்தைச் சனமும் பிறந்த கிழமைக்கு ஒரு புத்தர் வைத்துக் கும்பிடுகிற சனம். வெளிநாட்டுக்காரருக்குத்தான் ஒன்றும் தெரியாது. தாய்மாரைக் கேளுங்கோ என்றார் சாத்திரியார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்களாம். அவர்களில் பலர் தாயோடு கதைத்து வருடக்கணக்கு. "எங்களைப் பற்றிக் கதைக்க வேண்டாம்," என்றார் சாத்திரியார், "நேரத்தை மட்டும் கேட்டுட்டு வையுங்கோ."

அது என்ன பெரிய விஷயம் என்று ஒவ்வொருவராகச் சந்தியில் இருந்த கோல் கடைக்குப் போனார்கள். ஜேர்மன்காரரின் தாய் இந்தக் கேள்விக்காகவே போனுக்குப் பக்கத்தில் இருந்தவர் போல உடனே நேரத்தைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாராம். ஒஸ்ரேலியாக்காரரின் தாய் தகப்பனைக் கேட்கச் சொன்னார். தகப்பன் போனை அடித்து வைத்தார். ஆனால் கடைக்காரர் கதவைப் பூட்ட முன்பு தகப்பனே திருப்பி எடுத்து, பின்னேரம், பால் கறக்கிற நேரம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடித்து வைத்தார். அமெரிக்கருக்கு, பிறந்த அன்று எடுத்த பாதத்தின் அச்சுத் தபாலில் வந்தது. சாத்திரியார் அதற்கும் பலன் பார்த்தார்.

பீற்றருக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. கனடாவில் மாடு வளர்க்கிற ஒரு தோட்டத்தில் இருந்த அவருடைய தாய் கடும் வேதக்காரி, பைபிளைக் கீழே வைக்காதவர். நட்சத்திரம் பார்ப்பது பிசாசின் வேலை என்று வேதத்தில் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்பதை, மகனின் செலவில், முழுக்கச் சொல்லி முடித்தார். பீற்றர் அழுதுகொண்டு வெளியில் வந்தபோது சாத்திரியார் செத்தவீட்டுக் கோல் என்று நினைத்தாராம்.

"அம்மா எனக்கு ஏசினவ," என்றார் பீற்றர். "கனகாலத்துக்குப் பிறகு, எவ்வளவு நேரம் ஏசினவ தெரியுமோ?"

துக்கத்தில் அழுததில்லை அது, சந்தோசம். பிறகு பீற்றர் ஒவ்வொரு ஞாயிறும் தாய்க்குக் கோல் எடுத்தார். கனடாவுக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. தோட்டம் காரில் போகிற தூரம்தான், ஆனாலும் வாவென்று அந்தத் தாய் ஒருநாளும் சொல்லவில்லை. பீற்றர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பார், அந்தப் பக்கத்தில் பிரசங்கம் நடக்கும், சாத்திரியார் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். நேரத்தைக் கேள் என்று கையால் காட்டுவார்.

இதெல்லாம் தெரிய முன்பு என் மனைவி அவருக்குப் பெண் பார்த்தாள். ரெக்ஸ்டேலில் ஒரு பிள்ளை, ஸ்காபுரோவில் ஒரு பிள்ளை. கொண்டுபோன சாதகத்தை எல்லாம் அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்து, பெண்ணுக்கு நல்ல சாதகம், எனக்குத்தான் கூடாது என்று திருப்பிக் கொடுத்தார். ஒருநாள் மனைவி வந்து, சாமிவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டே, "இஞ்சாருங்கோ, இனி நான் பார்க்கேல்லை. அந்த மனிசனுக்குக் குடும்பம் இருக்கு," என்றாள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் அதிகம் படிக்காதவன், வெள்ளி விரதமும் கந்தசஷ்டியும் தவறாதவன். விளங்கிய பிறகு சாமிப்படத்தைப் பார்த்தேன். வள்ளியும் தெய்வானையும் இரண்டு பக்கமும் நிற்க முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற வீட்டுக் கணக்கைக் கேட்கிற முகமாக அது எனக்குத் தெரியவில்லை.

சாத்திரியாருக்கு இருந்த ஒரே குறை பீற்றரின் நேரம். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்த மனிதர் தனக்குப் பார்க்கவில்லை. நேரம் சரியாகத் தெரியாமல் சாதகம் எழுத அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் கட்டடத்தில் ஒரு சோடிக்கு ரச்சு இல்லை என்று நிச்சயதார்த்தத்தையே நிற்பாட்டச் சொன்ன ஆள் அவர். அவர்கள் கேட்காமல் கலியாணம் முடித்து இரட்டைப் பிள்ளை பெற்றார்கள். அவர் அதற்கும் பேர் எழுத்துப் பார்த்துக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஒரு கோடையில், ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் அந்தத் தாய் தானாகவே சொல்லிவிட்டார். விடியற்காலை நாலரை மணி. இனிமேல் கேட்கக்கூடாது.

சாத்திரியார் ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டி அறிவித்தார். பீற்றர் பிறந்தது யுத்தகாலம். ஒல்லாந்து ஜேர்மன்காரரின் கையில் இருந்தது, மணிக்கூட்டையும் அவர்கள் தங்கள் நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள் என்று லைப்ரரியில் புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்து, அதைக் கழித்து இதைக் கூட்டி, தலைமுழுகித் திருநீறு பூசிக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார். நாங்கள் பாயசத்துக்குச் சவ்வரிசி ஊறவைத்தோம்.

பாயசம் அப்படியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டையும் இல்லை, "கப்"பும் இல்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தோம். பிறகு பீற்றர் வந்து வாசலில் குனிந்து நின்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் சமையலறைத் தமிழ்தான்.

"அண்ணை, அக்கா. இவர் சாப்பிடேல்லை. சமைக்கேல்லை. உடுப்பு மடிக்கிறார்."

நானும் மனைவியும் போனோம். சாத்திரியார் சமையலறைக் கதிரையில் தாடியோடு இருந்தார். பக்கத்தில் ஒரு சூட்கேஸ், அதற்குள் பஞ்சாங்கமும் இரண்டு சாரமும். அவர் திருவாதிரை. பீற்றர் அத்தம். இரண்டும் ஒரே ரச்சு, கழுத்து ரச்சு, அதுதான் பொல்லாதது. பெண் நட்சத்திரத்தில் இருந்து எண்ண வேண்டும் என்று சாத்திரம், இங்கே எங்கே இருந்து எண்ணுவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்தாலும் எண்ணிப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கத்தால் எண்ணினாலும் விடை ஒன்றுதான்.

"நான் இருந்தா அந்தாளின்ர ஆயுசுக்குக் கூடாது, அக்கா," என்றார். "ரெக்ஸ்டேலில ஒரு அறை பார்த்திருக்கிறன்."

"எங்களுக்கும் ரச்சு இல்லையெண்டுதானே லிஃப்டுக்குள்ள வைச்சுச் சொன்னனீங்கள்," என்றாள் மனைவி. "இந்த மனிசன் கல்லு மாதிரி நிக்குது. போன கிழமையும் மூண்டு தோசை கூடத் திண்டது."

"அண்ணைக்கு வேற கிரகம் காப்பாத்துது."

"அந்தக் கிரகத்துக்குச் சமைச்சுப் போடுறது நான்."

அவர் அசையவில்லை. சாத்திரத்தில் தனக்கொரு நியாயம், ஊருக்கொரு நியாயம் இல்லையாம். பீற்றர் சுவரோடு நின்று, விளங்கியும் விளங்காமலும், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் முருகா என்றேன். மனைவி சோறு வைப்போம் என்று எழும்பியவள், நேரம் என்ன என்று சுவரில் பார்த்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சாத்திரியார், இந்த வீட்டில ஒரு பிள்ளை பிறந்து, நான் உந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னால் சரியோ பிழையோ?"

"உது சரியான மணிக்கூடு," என்றார் அவர், ரோசத்தோடு.

"ஊருக்குப் பிழைதானே. அந்த மனுசி எந்த மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னது?"

சாத்திரியார் தலையை நிமிர்த்தினார். பீற்றரைக் கொண்டு உடனே நம்பர் அடிக்க வைத்து, போனை மனைவியே வாங்கினாள். அவளுடைய இங்கிலிஷ் தையல் ஃபக்ரறி இங்கிலிஷ். அந்தத் தாயின் இங்கிலிஷ் மாட்டுப்பட்டி இங்கிலிஷ். இரண்டும் நன்றாகவே சேர்ந்தன. முதலில் பிசாசைப் பற்றிக் கொஞ்சம் கேட்டு, ஓம் மம்மி, ஓம் மம்மி என்று தலையாட்டினாள். பிறகு பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கேட்டாள். எங்கே பிறந்தது, யார் பக்கத்தில் நின்றது, முதலாவது பிள்ளைக்கு எவ்வளவு நோ. அதற்குப் பிறகு பிசாசு வரவில்லை. இரண்டு பேரும் பிள்ளை பெற்ற கதையை மறுபடியும் இருந்து பெறுவது போலக் கதைத்தார்கள். நாங்கள் மூன்று ஆண்களும் வரிசையாக நின்று கேட்டோம். கடைசியில் மனைவி, அன்றைக்குப் பார்த்தது எந்த மணிக்கூடு மம்மி என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தக் கிழவி சிரிப்பதைத் தான் வளர்ந்த பிறகு கேட்டதில்லை என்று பீற்றர் பின்னர் சொன்னார். அது எங்கட சமையலறை மணிக்கூடு, என்றாராம். ஊர் முழுக்க ஜேர்மன்காரனின் நேரத்துக்கு மாற்றியது. என் மனிசன் மட்டும் மாற்றமாட்டேன் என்று நின்றது. சூரியனை அவனா செய்தவன் என்று கேட்டது. யுத்தம் முடியும்வரை எங்கட வீடு ஊருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே பின்னால்தான்.

மனைவி போனைப் பொத்திக்கொண்டு இதைச் சொல்லி முடிக்க முன்பே சாத்திரியார் சூட்கேசைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். நேரம் தள்ளிப்போனதில் சந்திரன் எல்லையைத் தாண்டிவிட்டது. பீற்றர் அத்தம் இல்லை, சித்திரை. அது தலை ரச்சு, இவருடையதோ கழுத்து. இரண்டும் வேறு வேறு, பொருத்தம் தட்டவில்லை. கணக்கை மறுபடியும் போட்டார். இன்னொரு தடவை என்னைக் கொண்டு கூட்டிப் பார்க்கச் செய்தார். பிறகு எழும்பி முகம் கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, வெகுநேரம் வரவில்லை. பீற்றர் சூட்கேசில் இருந்த சாரம் இரண்டையும் எடுத்து அலுமாரியில் வைத்தார். அன்று பின்னேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டி விழுந்தது, உடனே ஒரு "கப்" கேட்டது. மனைவி சாமிவிளக்கைக் கொளுத்தினாள்.

இலையுதிர முன்பு, ஒரு சனிக்கிழமை, அந்தத் தாய் வந்தார். சேர்ச்சில் தெரிந்த ஒருவரின் காரில், மடியில் ஒரு அப்பிள் பையோடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள், எங்களையும்தான். அந்த அம்மா சரியான நேரத்துக்குக் கதவைத் தட்டினார். பீற்றர் திறந்து, இவ்வளவு காலத்துக்குப் பிறகு தாயைக் கண்டு, குனிந்து கட்டிப்பிடித்துத் தலையை நிலைக்கதவில் இடித்துக்கொண்டார். சாத்திரியாரைக் காணவில்லை. அவருடைய நேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது, குளியலறையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா சமையலறைக்குள் வந்து, சுவரில் இருந்த மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி வெட்கப்பட்டு, அது பழுதில்லை மம்மி, அவர் மாற்றமாட்டார் என்றாள்.

கிழவி கதிரையை இழுத்து மணிக்கூட்டுக்கு நேரே இருந்தார். "என்ர மகன் தகப்பனைப் போல ஒருத்தனைத்தான் பிடிச்சிருக்கிறான்," என்றார், எங்களுக்கோ மணிக்கூட்டுக்கோ தெரியவில்லை.

அப்போது சாத்திரியார் துவாயோடு வெளியில் வந்தார். எண்ணெய் நெற்றியால் வடிந்தது. அந்த அம்மாவைக் கண்டு கும்பிட்டார், காலில் விழுவதா என்று யோசித்தார், துவாயை நினைத்து நிமிர்ந்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவருக்கு அந்த ஒரு கேள்விதான் வந்தது.

"அம்மா, நீங்கள் எத்தினை மணிக்குப் பிறந்தனீங்கள்?"

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பிசாசைப் பற்றி வேதத்தில் எழுதியிருக்கிற முதலாவது இடத்தில் இருந்து தொடங்கினார். சாத்திரியார் முகமெல்லாம் பல்லாக, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.